பியூஸா, பிறேக்கரா? வன்னி வீடுகளின் மின்காப்பு

2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் எழுந்த வீடுகளில் ஏராளமானவற்றை வீட்டுக்காரரே முன்னின்று கட்டினார். 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைப் பிடிப்பது, மணலும் கல்லும் ஓடும் தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ற் மின்பாதை வந்து, ஊர்களுக்குள் கம்பம் நடப்பட்டபோது வயரிங்கும் அதே வழியில்தான் நடந்தது. சுவரில் என்ன பெட்டி பூட்டுவது, அதற்குள் பியூஸா பிறேக்கரா, எத்தனை அம்பியர் என்ற முடிவுகளை வீட்டுக்காரரும் வயரிங் செய்பவரும் சேர்ந்து, பெரும்பாலும் சாமான் வாங்கிய கடையிலேயே நின்றபடி எடுத்தார்கள்.

இதே கேள்வியைத் தங்கள் சொந்தத் தலைப்பொறுப்பில் தீர்க்கவேண்டிய இன்னொரு கூட்டம் உலகில் இருக்கிறது: வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள். தொழிற்சாலை விமானத்தில் எந்தக் கம்பிக்கு எந்தக் காப்பு என்பதை வடிவமைப்பாளரும் அரசாங்கச் சான்றிதழும் தீர்மானிக்கின்றன. தன் கராஜில் கட்டுபவர் அதைத் தானே தீர்மானிக்கவேண்டும். அமெரிக்காவில் இவர்களுக்கென்று 1953 இல் ஒரு சங்கம் உருவானது. இந்தியாவில் அமோல் யாதவ் என்பவர் மும்பையில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி, 2017 இல் அதைப் பதிவும் செய்தார். பியூஸ் நல்லதா, பிறேக்கர் நல்லதா என்று இந்தக் கூட்டத்துக்குள் பல பத்தாண்டுகளாக வாதம் நடக்கிறது. வன்னியில் விமானம் என்றால் இன்னும் கிபிர் போர்விமானத்தின் இரைச்சல்தான் பலருக்கு நினைவில் வரும். இரணைமடுவில் போர்க்காலத்தில் போடப்பட்ட ஓடுபாதை இன்று விமானப்படையின் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த வாதத்தில் எங்கள் வீடுகளுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது நிறைய உண்டு. குறிப்பாக, காப்பு திறந்து மின் நின்ற பிறகு வரும் முதல் நிமிடத்தில் மனிதக் கை என்ன செய்யும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வயரிங்கில் யாரும் கேட்காத கேள்வி அது.

முதலில் அடிப்படை. பியூஸும் சரி பிறேக்கரும் சரி, சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பாற்றப் போடப்படுபவை. ரீவியையோ குளிர்சாதனப் பெட்டியையோ காப்பாற்றுவது அவற்றின் வேலை அல்ல. மனிதரைக் காப்பாற்றும் திறனும் அவற்றுக்குப் பெரிதாக இல்லை. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் அதன் பிளாஸ்ரிக் உறை இளகும், கருகும், தீப்பிடிக்கும். அதற்கு முன் சுற்றைத் திறப்பதே காப்பின் கடமை.

வவுனியா நகரின் பழைய வீடுகளில் இன்னும் காணக்கூடிய பீங்கான் பியூஸ் கட்டைகளில் ஒரு மெல்லிய, ஈயம் பூசிய செப்புக் கம்பி திருகியிருக்கும். இந்தக் கம்பியின் தடிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. 5 அம்பியருக்கு 0.2 மில்லிமீற்றர், 15 அம்பியருக்கு 0.5, 30 அம்பியருக்கு 0.85 என்பது பிரித்தானியத் தரம். 5 என்று எழுதியிருந்தால் 5 அம்பியரில் உருகும் என்று நினைக்கக்கூடாது. இந்த வகைப் பியூஸ் எழுதியிருக்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கில்தான் உருகும். அதுவே ஒரு பலவீனம். அதைவிடப் பெரிய பலவீனம் கம்பி உருகிய பிறகு வருகிறது. இரவு ஒன்பது மணிக்கு லைற் போய்விட்டது, கடை பூட்டு, பியூஸ் கம்பி கைவசம் இல்லை. வயரிங்கில் மிஞ்சிய துண்டு வயர் ஒன்று கிடக்கிறது. எங்கள் ஊரில் சொக்கற்றுகளுக்கு இழுக்கும் 7/0.67 வயரில் 0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு இழைகள் இருக்கும். அதில் ஒன்றை உருவி 5 அம்பியர் கட்டையில் சுற்றினால் லைற் எரியும். ஆனால் அந்த இழை உருக ஏறத்தாழ 44 அம்பியர் வேண்டும். லைற் சுற்றுக்குப் போட்டிருக்கும் 1/1.13 வயர் பதினான்கு அம்பியருக்கு அப்பால் நிரந்தரமாகத் தாங்காது. ஆகவே அந்த வீட்டில் இப்போது பியூஸாக வேலை செய்வது சுவருக்குள் புதைந்த வயர்தான்.

இந்தப் பழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய மக்கள் இவர்கள். இல்லாத பொருளுக்கு இருக்கிற பொருளை ஈடு வைக்கும் அந்தக் கைத்திறன் ஒரு தலைமுறையைக் காப்பாற்றியது. டைனமோவின் ஆறு வோல்ற்றில் பிழை விட்டால் பல்ப் எரிந்துபோகும். 230 வோல்ற்றில் அதே கைத்திறன் வீட்டை எரிக்கும். ஆகவே, ஈடு வைக்க இடம் தராத பொருளையே சுவரில் பூட்டவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பிறேக்கரின் பெரிய பலம் இங்கேதான். 1924 இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டொட்ஸின் நிறுவனம் காப்புரிமை பெற்ற அந்தச் சிறிய விசைக்குள் இரண்டு காவல் இருக்கின்றன. ஒன்று, இரண்டு உலோகம் ஒட்டிய தகடு. மிதமான அதிக சுமையில் மெல்லச் சூடேறி வளைந்து விசையைத் தட்டும். மற்றது ஒரு காந்தச் சுருள்; ஷோர்ட் ஆனால் கண் இமைக்க முன் தட்டும். பிடியைக் கையால் மேலே அழுத்திப் பிடித்தாலும் உள்ளே விசை விழுந்துவிடும். 16 அம்பியர் பிறேக்கர் 23 அம்பியர் அளவில் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும் என்பது தரம். பீங்கான் கட்டையின் இரு மடங்கோடு ஒப்பிட்டால் இது நெருக்கமான காவல்.

ஆனால் கடையில் கிடைக்கும் பிறேக்கர் எல்லாம் ஒன்றல்ல. முகப்பில் எண்ணுக்கு முன் நிற்கும் எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. பி வகை, எழுதியிருக்கும் அளவின் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஐந்தாறு அம்பியர் எடுத்தாலும், தொடங்கும் கணத்தில் அதன் பல மடங்கை இழுக்கும். சின்ன பி பிறேக்கரில் போட்டால் ஒவ்வொரு முறையும் விழும். அதனால் சி வகைக்குப் போகிறோம், அது சரி. வீட்டுக்காரர் அதோடு நிற்காமல் "விழாத பிறேக்கர் தாங்கோ" என்று கேட்டு 32 அம்பியர் சி வகையை வாங்கும்போதுதான் சிக்கல். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் லைனின் தடை இரண்டு ஓம் என்று வைத்தால், நேரடி ஷோர்ட்டில்கூட 115 அம்பியருக்கு மேல் ஓடாது. 32 அம்பியர் சி வகையின் காந்தம் 160 இற்குக் கீழே அசையவே தேவையில்லை. மிச்சமிருப்பது சூடேறும் தகடு மட்டும். அது வளைந்து தட்டும்வரை ஷோர்ட் ஆன வயர் விநாடிக் கணக்கில் எரியும். ஊர்க்கோடி வீடுகளுக்கு மோட்டரை மட்டும் தனிச் சுற்றில் சி வகையில் விட்டு, மற்றவற்றைப் பி வகையில் வைப்பதே பொருத்தம். மோட்டரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலே வேண்டும். வோல்ற்றளவு குறைந்த பின்னேரத்தில் இறுகி நிற்கும் மோட்டரைப் பியூஸும் காப்பாற்றாது, பிறேக்கரும் காப்பாற்றாது.

இந்த இரண்டுக்கும் பொதுவான குருட்டுத்தனம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்வது பொறுப்பற்றது. எங்கள் வீடுகளில் எர்த்தை வீட்டுக்காரரே நிலத்தில் கம்பி அடித்துப் போட்டுக்கொள்கிறோம். ஆவணி வெயிலில் நிலம் காய்ந்து கிடக்கும்போது அந்தக் கம்பியின் தடை நூறு ஓமுக்குப் போவது பெரிய விடயம் அல்ல. குளிர்சாதனப் பெட்டியின் உடலில் லைன் முட்டிவிட்டது என்று வையுங்கள். 230 ஐ நூறால் பிரித்தால் 2.3 அம்பியர். ஆறு அம்பியர் காப்பு எந்த வகையாக இருந்தாலும் இதை ஒரு சாதாரணக் கருவியின் சுமைபோல் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். பெட்டியின் கதவைத் தொடும் பிள்ளைக்கு அடிக்கும். இதைப் பிடிக்கக்கூடியது ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. போகும் மின்னும் திரும்பும் மின்னும் சமமா என்று பார்த்து, 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே அது ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் திறக்கும். எர்த் மோசமாக இருந்தாலும் தொட்ட மனிதரின் வழியாகக் கசியும் மின்னை அது உணரும். அதன் முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்தாமல் விட்ட சுவிட்சின் உள்ளுறுப்பு ஆண்டுகள் போகப்போக இறுகிவிடும். பெட்டியின் துளைவழியே எறும்பும் குளவியும் வந்து மண்கூடு கட்டுவதும் எங்கள் பக்கத்தில் சாதாரணம்.

பன்றிக்கும் யானைக்கும் என்று தோட்டத்தைச் சுற்றி வீட்டு மின்னை நேரே கம்பியில் விடும் கொடுமையும் இதோடு சேர்ந்ததுதான். காட்டோரக் கிராமங்களில் அது விலங்கையும் கொல்கிறது, விடியப்புறம் வயலுக்குப் போகும் மனிதரையும் கொல்கிறது. ஒரு உடலின் வழியாக ஓடும் மின் பியூஸை உருக்காது, பிறேக்கரை விழுத்தாது. ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அந்த வேலியை ஈரப் புல் முட்டிய உடனே அது விழும், திரும்பத் திரும்ப விழும். ஒரு வீட்டில் ட்ரிப் சுவிட்சை வேண்டுமென்றே ஒதுக்கி லைன் எடுத்திருப்பதைக் கண்டால் கேள்வி கேட்கவேண்டியது அயலவரின் கடமையும்தான். சட்டப்படியான யானை வேலிக்கு விட்டுவிட்டுத் துடிக்கும் மின்னைத் தரும் தனிக் கருவி இருக்கிறது.

இனி விமானக்காரரின் வாதம். பொப் நக்கொல்ஸ் என்ற மின்பொறியியலாளர் 'ஏரோ எலெக்ட்ரிக் கனெக்ஷன்' என்ற தன் நூலில் பல ஆண்டுகளாக ஒன்றை வலியுறுத்தி வந்திருக்கிறார்: சிறு விமானத்துக்குக் காரில் உள்ளதுபோன்ற தகட்டுப் பியூஸே போதும், அதையும் விமானியின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டு. கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும். அவர் நியாயம் இது: காப்பு திறந்தால் பெரும்பாலும் கம்பியிலோ கருவியிலோ உண்மையான பழுது இருக்கிறது. மேலே பறந்துகொண்டு அதைத் திருப்பிப் போடுவதால் பழுது தீராது. விமானியின் வேலை பறப்பது. ஆகவே எந்த ஒரு கருவி போனாலும் பாதுகாப்பாக இறங்க முடியும் என்று முதலிலேயே வடிவமை. அப்படிச் செய்துவிட்டால் பியூஸைத் தொடவேண்டிய தேவையே வராது.

மறுபக்கத்தாரின் நியாயமும் லேசானது அல்ல. வாற்பகுதியைச் சரிசெய்யும் மோட்டரோ தானியங்கிப் பறப்புக் கருவியோ தன்பாட்டில் ஓடத்தொடங்கினால், அதன் பிறேக்கரை இழுத்து அந்தக் கணமே நிறுத்தலாம். எட்டாத இடத்துப் பியூஸை என்ன செய்வது? அமெரிக்க விதிகளும் இரண்டு பக்கத்தையும் பார்த்தே எழுதப்பட்டன: திருப்பிப் போடுவது பறப்பின் பாதுகாப்புக்கு அத்தியாவசியமானால் அந்தக் காப்பு கைக்கு எட்டவேண்டும், பியூஸ் உள்ள விமானம் இரவில் பறந்தால் மாற்றுப் பியூஸ்கள் கைவசம் இருக்கவேண்டும். நக்கொல்ஸின் வரைபடங்களிலேயே ஓர் இடத்தில் மட்டும் பிறேக்கர் நிற்கிறது: மின்னாக்கியின் புலச்சுருளுக்குப் போகும் 5 அம்பியர் சுற்று. வோல்ற்றளவு எல்லை மீறினால் அந்தச் சுற்றை வேண்டுமென்றே ஷோர்ட் ஆக்கிப் பிறேக்கரை விழுத்தும் ஏற்பாடு அது. பியூஸின் பெரிய ஆதரவாளரே தேவையான இடத்தில் பிறேக்கரை வைத்திருக்கிறார் என்பதை இரு தரப்பினரும் நினைவில் வைத்தால் வாதத்தின் பாதிச் சூடு தணிந்துவிடும்.

திருப்பிப் போடும் கைக்கு என்ன விலை என்பதைப் புளோரிடாவில் சான்போர்ட் நகரத்தில் 2007 யூலை 10 இல் விழுந்த செஸ்னா 310 காட்டியது. முதல் நாள் அதை ஓட்டிய விமானி காலநிலை ரேடாரிலிருந்து கருகல் மணம் வருவதை உணர்ந்து, அதன் பிறேக்கரை இழுத்துவிட்டு, இறங்கியதும் குறிப்பிலும் எழுதினார். யாரும் பழுது பார்க்கவில்லை. மறுநாள் அதே விமானம் கிளம்பியது; அந்தப் பிறேக்கரை யாரோ திரும்ப உள்ளே அழுத்தியிருக்கவேண்டும் என்பதே விசாரணையாளரின் கணிப்பு. உள்ளே தீ. விமானத்தில் இருவரும், அது விழுந்த வீடுகளில் மூவரும் இறந்தார்கள். பிறேக்கர் தன் வேலையைச் செய்தது, முதல் நாள் விமானியும் தன் வேலையைச் செய்தார்; பழுது தீராமலே திரும்ப அழுத்திய விரலே பிழை. எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ட்ரிப் விழுந்தால், "ஒருக்கால் போட்டுப் பார், நிக்குதோ எண்டு" என்று சொல்லும் குரலையும் இதோடு சேர்த்து யோசிக்கவேண்டும்.

இன்னொரு விபத்து பிறேக்கரின் எல்லையைக் காட்டியது. 1998 செப்ரெம்பர் 2 இல் நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா போன சுவிஸ் எயார் 111 கனடாக் கரையோரக் கடலில் விழுந்து 229 பேர் இறந்தனர். மேற்கூரைக்குள் வயரில் பொறி தெறித்து, சுற்றியிருந்த காப்புறைப் பொருள் தீப்பிடித்தது. விட்டுவிட்டுத் தெறிக்கும் பொறி மொத்தத்தில் அதிக மின்னை இழுப்பதில்லை. அந்தக் காலப் பிறேக்கர்கள் அதைப் பிடிக்கும் வகையில் செய்யப்படவும் இல்லை. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2003 இல் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகப் பேசுகிறது. எங்கள் வீட்டில் இதற்கு நேர் இணை, திருகாணி இறுகாத சொக்கற். பிளக் செருகும் இடத்தில் பழுப்பு நிறம் ஏறி, பிளாஸ்ரிக் மணம் வந்தால், பிறேக்கர் விழவில்லையே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. அது விழாது. சொக்கற்றைக் கழற்றி இறுக்கவேண்டும், அல்லது மாற்றவேண்டும்.

உண்மையில் எங்கள் வீடுகளில் பியூஸும் பிறேக்கரும் சேர்ந்தே இருக்கின்றன, பலர் கவனிப்பதில்லை. இலங்கையின் தேசியத் தரமாக இப்போது இருக்கும் 13 அம்பியர் தட்டைக்கால் பிளக், இரண்டாம் உலகப் போருக்குப் பின் செப்புத் தட்டுப்பாட்டில் இருந்த பிரித்தானியாவில் 1947 இல் தரமாக்கப்பட்டது. அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு பியூஸ் உண்டு. சுவர்ப் பிறேக்கர் சுவருக்குள் இருக்கும் வயரைப் பார்த்துக்கொள்ள, இந்தப் பியூஸ் கருவியின் மெல்லிய வயரைப் பார்த்துக்கொள்ளும். மேசை விளக்குக்கு 3 அம்பியர், கேத்திலுக்கு 13. பழைய உருண்டைக்கால் பிளக்கில் இது கிடையாது. தட்டைக்கால் சொக்கற்றில் உருண்டைக்கால் பிளக்கைப் பேனா முனையால் தள்ளிச் செருகும் வழக்கம் இந்தக் காவலை அப்படியே தாண்டிச் செல்கிறது.

பியூஸைக் கைவிடக்கூடாத இடமும் உண்டு: பற்றரி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின் நின்றபோது இன்வேட்டரும் பற்றரியும் வாங்கிய வீடுகள் பல. சோலார் தகடுகளும் கூடிவருகின்றன. சுவர் மின் ஒரு விநாடியில் நூறு தடவை பூச்சியத்தைக் கடப்பதால் திறக்கும் பிறேக்கரில் எழும் பொறி தானாக அணையும். பற்றரி மின் நேர்மின். பூச்சியம் என்பதே இல்லை. சாதாரண வீட்டுப் பிறேக்கரை அதில் போட்டால் பொறி நின்று எரியலாம். 12 வோல்ற் தானே என்று அலட்சியம் வேண்டாம்: ஒரு லொறி பற்றரி ஷோர்ட் ஆனால் ஆயிரம் அம்பியருக்கு மேல் கொட்டும், ஸ்பானரே சிவக்கும். பற்றரி முனைக்கு மிக அருகில், நேர்மின்னுக்கென்று செய்த பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். தகட்டுப் பக்கத்தில் நேர்மின் பிறேக்கரோ பிரிப்பு விசையோ வேண்டும். ஷோர்ட் ஆனாலும் சோலார் தகடு வழமையான அளவைவிடச் சற்றே கூடத்தான் தரும் என்பதால் பியூஸ் அங்கே பெரும்பாலும் உருகாது.

ஓட்டோவிலும் றக்ரரிலும் தகட்டுப் பியூஸ் இருக்கிறது. அமெரிக்காவில் கராஜில் கட்டிய விமானத்திலும் அதுவே, அதே நிறத்தில்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. வயல் நடுவில் றக்ரரின் லைற் பியூஸ் போனால் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவது வழக்கம். இதற்கு மருந்து அறிவுரை அல்ல, பியூஸ் பெட்டி மூடிக்குள் செருகிவைத்த நாலு உதிரிப் பியூஸ். இரவில் பறக்கும் விமானிக்கு விதி கேட்பதும் அதுதான்.

ஆகவே வீட்டுச் சுவருக்கு என் தெரிவு: 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதற்குப் பின்னால் வயரின் அளவுக்குப் பொருந்திய பிறேக்கர்கள், பீங்கான் கட்டை வேண்டாம். கைவசம் காசு ஒன்றுக்கு மட்டும் இருந்தால் முதலில் ட்ரிப் சுவிட்ச். எது விழுந்தாலும் ஒருமுறை, எல்லாப் பிளக்கையும் கழற்றிய பின் மட்டும், போட்டுப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் வேலை தெரிந்தவர் வரும்வரை விசையைத் தொடக்கூடாது. வேலை தெரிந்தவர் அரிதும் அல்ல: கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையமும் அருகருகே இருக்கின்றன, என்.வி.கியூ. தொழிற்தகைமையோடு மின்னியல் படித்த பிள்ளைகள் வன்னிக்குள்ளேயே வெளிவருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்கும் ஒன்று, விமானம் கட்டுபவர்கள் ஒவ்வொரு கம்பிக்கும் செய்வது. பெட்டி மூடியின் உள்பக்கத்தில், ஒவ்வொரு பிறேக்கருக்கும் நேரே, அது எந்த அறைக்கு, எந்த வயர், கூடியது எத்தனை அம்பியர் என்று அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். 1/1.13 என்று எழுதிய வரிக்கு நேரே இன்னும் ஐந்து வருடத்தில் ஒருவர் 20 அம்பியர் பிறேக்கரோடு வந்து நிற்பார். அவர் கண்ணில் முதலில் படவேண்டியது அந்த வரி.